பதின்மூன்று றாத்தல் பாண்

எமில்ராஜ் ஓடியதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. பஸ் வெளிக்கிட்டுவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பான். மழை பிடித்தால் நனைந்துகொண்டே நடந்து வருவான். இப்படிப்பட்டவன் இருபது வருடங்களுக்கு மேல் உதைபந்தாட்டம் விளையாடினான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குருநகர்க் கடற்கரையில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. கலங்கரை விளையாட்டுக் கழகத்தின் பத்தாம் இலக்க ஜேர்சி அவன் வயிற்றில் இழுபட்டு நின்ற காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

பதினாறு வயதிலேயே அவனுக்குத் தொந்தி வைத்துவிட்டது. தொடைகள் இரண்டும் உரல்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓடியவர்கள் பரிசு வாங்கி வீட்டுக்குப் போன பிறகுதான் எமில் கோட்டைத் தாண்டினான் என்று ஒரு பகிடி இன்றைக்கும் உண்டு. ஆனால் பந்து அவன் காலடிக்கு வந்துவிட்டால்! நடு மைதானத்தில் நின்ற இடத்தில் நிற்பான். எதிராளிகள் இரண்டு பேர் பாய்ந்து வருவார்கள். இடுப்பைச் சற்றே அசைப்பான். வந்த இருவரும் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு விழிப்பார்கள். பந்து எங்கே என்று பார்த்தால், அது நாற்பது யார் தூரம் தள்ளி, வலது கரையோரமாக, புல்லில் வழுக்கிக்கொண்டு போகும்.

அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு போகிறவன் வின்சன்ற்.

இருவரும் ஒரே குறுகிய ஒழுங்கையில் பிறந்தவர்கள். ஒரே வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எமிலின் கால்களில் கடவுள் வைக்க மறந்த ஓட்டத்தையும் சேர்த்து வின்சன்றின் கால்களில் வைத்துவிட்டாரோ என்று சொல்லும்படி, அவன் காற்றாய்ப் பறப்பான். வின்சன்ற் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் எமிலின் பந்து சரியாக அவன் வலது காலுக்கு முன்னால் வந்து விழும். அடித்தால் கோல். அவ்வளவுதான் அந்தக் கழகத்தின் விளையாட்டு.

"டேய், உந்தத் தூணுக்கு ஒரு கதிரை கொண்டுபோய்ப் போடுங்கோடா! நிண்டு களைக்கப்போகுது!" என்று எதிர்க் கழகத்து ஆட்கள் கரையில் நின்று கத்துவார்கள்.

"கதிரையோடை ஒரு சோடாவும் கொண்டு வா, மச்சான். குடிச்சுக் குடிச்சு அடிக்கிறன்" என்று எமில் மைதானத்துக்குள் நின்றபடியே பதில் சொல்வான். சொல்லி முடிக்குமுன் பந்து வின்சன்றிடம் போயிருக்கும்.

அவனுக்கு 'நங்கூரம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் அந்த நங்கூரத்தைக் கடைசிவரை ஒரே இடத்தில் இறக்கி வைத்திருந்தது எது என்று ஊருக்குத் தெரியாது. அவன் மனைவி லூர்த்தம்மாவுக்கும் தெரியாது. வின்சன்றுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு கார்த்திகை மாதம் அது. வின்சன்றுக்கு இருபத்திரண்டு வயது. மாமனோடு கடல் தொழிலுக்குப் போன படகின் இயந்திரம் நின்றுவிட்டது. அதே நேரம் காற்றும் கிளம்பியது. இரண்டு நாட்கள் தகவல் இல்லை. வின்சன்றின் தாய் வீட்டு வாசலில் விழுந்து கிடந்தாள். மூன்றாம் நாள் காலை எமில் கோயிலில் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றான். மற்றவர்கள் மெழுகுதிரி நேர்ந்தார்கள், மாலை நேர்ந்தார்கள். எமிலிடம் நேர்ந்து கொடுக்க என்ன இருந்தது? தகப்பனில்லாத வீடு. கிழிந்த வலை பொத்திக் கிடைக்கும் கூலி. அவனிடம் இருந்த ஒரே சொத்து அவன் கால்.

'அந்தோனியாரே, வின்சன்றை உயிரோடை கொண்டுவந்து தாரும். சாகுமட்டும் கலங்கரை ஜேர்சியைத் தவிர வேறொரு ஜேர்சி போட்டு நான் பந்து அடிக்கமாட்டன்.'

அன்று பின்னேரம் வின்சன்றும் மாமனும் ஊர்காவற்றுறைப் பக்கம் கரை ஒதுங்கியதாகச் செய்தி வந்தது.

இரண்டு வருடம் கழிந்தது. போர் ஓய்ந்திருந்த சமாதான காலம், கொழும்புப் பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய கம்பனியின் அணி யாழ்ப்பாணம் வந்து சினேகபூர்வமாக விளையாடியது. கலங்கரை மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. மூன்று கோலும் வின்சன்ற் அடித்தவை. மூன்று பந்தும் எமில் கொடுத்தவை. விளையாட்டு முடிந்ததும் அந்த அணியின் பயிற்றுநர் கோல் அடித்தவனைத் தாண்டி நேரே நங்கூரத்திடம் போனார். கம்பனியில் வேலை, தங்க இடம், அணியில் இடம். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லும்படி கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வலை வாடிக் கொட்டிலில் வைத்து எமில் அந்தக் கடிதத்தை வின்சன்றிடம் காட்டினான். அன்றுதான் முதன்முதலாக நேர்த்தியைப் பற்றியும் சொன்னான்.

"என்னத்துக்கடா இப்பிடி ஒரு நேர்த்தி வச்சனி?"

"வேறை என்னடா என்னட்டைக் கிடந்தது?" என்றான் எமில். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மச்சான், நேர்த்தியை மாத்த ஏலுமோ எண்டு பங்குச் சுவாமியிட்டை ஒருக்காக் கேக்கிறியே?"

"நீயே கேளன்."

"எப்பிடியடா கேக்கிறது? கேட்ட உயிரை அந்தோனியார் தந்துபோட்டார். இனி நான் போய் விலை குறைக்கச் சொல்லி நிக்கிறதோ? நீ கேள். உன்ரை உயிர்தானே."

வின்சன்ற் போனான். அக்காலத்தில் பங்குத்தந்தையாக இருந்தவர் செபமாலை சுவாமி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பெடியனுக்கு நல்ல மனசு. ஆனா அந்தோனியார் ஆற்றையும் காலைக் கட்டிவச்சிருக்கிறவர் இல்லை. நான் மாத்திக் குடுக்கிறன். ஒரு செவ்வாய்க்கிழமையிலை பதின்மூண்டு ஏழை வீட்டுக்கு வீட்டுக்கொரு றாத்தல் பாண் குடுத்துப்போட்டு, சந்தோசமாப் போகச் சொல்லு."

பதின்மூன்று றாத்தல் பாண். அவ்வளவுதான்.

சைக்கிளில் திரும்பி வரும் வழியில் பேக்கரியில் பின்னேரப் பாண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. வின்சன்ற் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் மாவட்ட அணிக்குத் தெரிவு. தெரிவாளர்கள் கலங்கரையின் இறுதிப்போட்டியைப் பார்க்க வருகிறார்கள். எமில் இல்லாத மைதானத்தில் தான் யார்? வெறுமனே வேகமாக ஓடத் தெரிந்த ஒருவன். நாய்க்குக்கூட வேகமாக ஓடத் தெரியும். ஒரு மாதம்தானே, பிறகு சொல்லிவிடலாம் என்று அவன் நெஞ்சு அவனுக்கே சமாதானம் சொன்னது. மனிதன் தன்னை ஏமாற்றத் தொடங்கும்போது எவ்வளவு சின்னதாகத் தொடங்குகிறான்!

"என்ன சொன்னவர்?" என்று எமில் எழும்பி வந்தான். ஓடி வரவில்லை; ஆனாலும் வழமையைவிடச் சுறுக்காக வந்தான்.

"ஏலாதாமடா. நேர்ந்தது நேர்ந்ததுதானாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"சரி, விடு மச்சான்."

எமில் அந்தக் கடிதத்தை நான்காக மடித்தான். அதில் நைலோன் நூலைச் சுற்றத் தொடங்கினான். நூல் சுற்ற ஒரு மட்டை தேவைப்பட்டது, கடிதம் மட்டையாயிற்று. வின்சன்ற் பார்த்துக்கொண்டே நின்றான்.

இறுதிப்போட்டியில் எமில் கொடுத்த பந்துகளில் வின்சன்ற் இரண்டு கோல் போட்டான். மாவட்ட அணிக்குத் தெரிவானான். எமிலும்தான் தெரிவானான், அவன் போகவில்லை. மாவட்ட ஜேர்சியும் வேறு ஜேர்சிதானே! மாவட்டச் சான்றிதழைக் காட்டி வின்சன்ற் ஓர் அரசாங்க உத்தியோகத்துக்குள் நுழைந்தான். 'ஒரு மாதம்' என்பது ஒரு வருடமாயிற்று. செபமாலை சுவாமி மன்னாருக்கு மாறிப் போனார்; சில வருடங்களில் காலமானார். அந்தப் பதின்மூன்று றாத்தலைப் பற்றித் தெரிந்த உயிர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

எமில் வலை பொத்தினான். மீன் சந்தையில் நிறுவைக்கு நின்றான். பின்னேரத்தில் பத்தாம் இலக்க ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். மற்றக் கழகங்கள் வந்து கேட்டன. கையில் காசோடு பசையாகவே கேட்டன. "எனக்கு உங்கடை மைதானத்துக்கு நடந்துவரப் பஞ்சியா இருக்கு, அண்ணை" என்று சிரித்து அனுப்பிவிடுவான். ஊர் அந்தச் சோம்பலை நம்பியது. கொழும்பில் ஓடச் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒளித்துக்கொண்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

லூர்த்தம்மாவும் அப்படித்தான் நம்பினாள். "உந்த மனிசன் அண்டைக்குப் பஞ்சிப்படாமல் போயிருந்தா, நாங்களும் ஒரு கல்வீடு கட்டியிருக்கலாம், வின்சன்ற் அண்ணை. சோம்பேறிக்குக் கழுத்தை நீட்டிப்போட்டன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எமில் தலையைக் குனிந்து சிரிப்பான். வின்சன்ற் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைப்பான். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுப்பான். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணீரை விழுங்கிக்கொண்டு எழும்புவான்.

இப்போது இருவருக்கும் நாற்பத்தைந்து வயது. வின்சன்ற் கழகத்தின் தலைவர். எமிலுக்குச் சீனி வருத்தம். வலது காலில் வந்த புண் ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். புதன்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை கழகம் அவசர அவசரமாக ஒரு பாராட்டு விழா வைத்தது. நோட்டீசில் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள்: 'ஒரே கழகம், ஒரே ஜேர்சி.' பாராட்டுரை, கழகத் தலைவர் வின்சன்ற்.

அந்த நோட்டீசுக் கட்டோடு சனிக்கிழமை பின்னேரம் வின்சன்ற் வலை வாடிக்குப் போனான். எமில் கட்டுப்போட்ட காலை ஒரு மீன்பெட்டிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு வலை பொத்திக்கொண்டிருந்தான்.

"வா, மச்சான். நாளைக்கு என்னைப் பற்றிக் கண்டபடி புளுகிப்போடாதை. பஞ்சியிலை நிண்டவன் எண்டு லூர்த்தம்மா சொல்லுறதையே சொல்லு. சனம் சிரிக்கும்."

வின்சன்ற் சிரிக்க முயன்றான்.

எமிலின் கைகள் ஊசியோடு வலைக் கண்ணியில் ஓடிக்கொண்டிருந்தன. கண்களை வலையிலிருந்து எடுக்காமலே அவன் பேசினான். "புதன்கிழமையை நினைச்சாப் பயமாக் கிடக்கு. ஒரு நேர்த்தி வைப்பமெண்டு பாத்தா, அதுக்கும் பயம். அண்டைக்கு வச்சது மாத்தேலாமல் போச்சுதெல்லே? அதுக்குப் பிறகு நான் அந்தோனியாரிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை, மச்சான். பிள்ளை வேணுமெண்டு லூர்த்தம்மா கோயில் கோயிலா அழுதவள். நீங்களும் ஒரு வார்த்தை நேருங்கோவன் எண்டு காலைப் பிடிச்சவள். நான் வெளியிலை நிண்டனான். வாய் திறக்கப் பயம். என்னத்தைக் கேட்டு, பிறகு எதைப் பிடுங்குவாரோ எண்டு."

நோட்டீசுக் கட்டு வின்சன்றின் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. எமில் இழந்தது கொழும்பு மட்டும் என்றல்லவா அவன் இத்தனை வருடமும் கணக்குப் போட்டிருந்தான்! ஒரு மனிதன் கடவுளிடம் வாய்விட்டு அழக்கூடப் பயந்து இருபத்தொரு வருடம் கோயிலுக்கு வெளியே நின்றிருக்கிறான். அந்தக் கதவைச் சாத்தியது யார்?

"எமில்… சுவாமி அப்பிடிச் சொல்லேல்லையடா."

ஊசி நின்றது.

"மாத்தலாமெண்டுதான் சொன்னவர். நான்தான் பொய் சொன்னனான். எனக்கு மாவட்டத் தெரிவு இருந்தது. நீ போனா நான் ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். அதுதான்…" நாற்பத்தைந்து வயது மனிதன் மணலில் குந்தியிருந்து விம்மினான்.

எமில் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்ன செய்யச் சொன்னவர்?"

"பதின்மூண்டு ஏழை வீட்டுக்கு, பதின்மூண்டு றாத்தல் பாண்."

"பாணோ?"

"ஓம்."

எமில் தன் காலைப் பார்த்தான். பிறகு வலையைப் பார்த்தான். "போட்டு வா, வின்சன்ற். பொழுது சாயுது. எனக்கு இந்தக் கண்ணியை முடிக்கவேணும்."

அறிந்த நாள் முதலாய் அவன் வாயில் 'மச்சான்' தவிர வேறு பெயரை வின்சன்ற் கேட்டதில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எமிலால் நெடுநேரம் நிற்க முடியாது என்று நடு வட்டத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அன்றைக்குக் கத்திக் கேட்ட கதிரை இருபது வருடம் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது! பத்தாம் இலக்க ஜேர்சியோடு எமில் அதில் இருந்தான்; பக்கத்தில் யாரோ ஒரு சோடாவும் வைத்திருந்தார்கள். லூர்த்தம்மா கரையில் நின்று கண்ணைத் துடைத்தாள்.

வின்சன்றின் பாராட்டுரை மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது. "எமில் பஞ்சியிலை நிக்கேல்லை. எனக்காக நிண்டவன். நான் அதுக்குத் தகுதியில்லாதவன்." சபை அதைத் தன்னடக்கம் என்று எண்ணிக் கைதட்டியது. கைதட்டல் அவன் முகத்தில் அறைந்தது.

விழாவின் முதல் உதையை எமில் அடிக்கவேண்டும். பழைய காலத்தைப் போல வலது கரையில் நிற்கும் வின்சன்றுக்குக் கொடுக்கவேண்டும். அதுதான் ஏற்பாடு. எமில் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். கட்டுப்போட்ட வலது காலில் மெல்ல ஊன்றி, இடது காலால் பந்தைத் தட்டினான். அடடா, அந்தப் பந்து! புல்லை முத்தமிட்டுக்கொண்டு, வளைந்து, மூலைக் கொடியை நோக்கிப் போனது. நின்ற இடத்தில் வாங்குவதற்குரிய பந்தல்ல அது. இருபத்திரண்டு வயது வின்சன்ற் துரத்திப் பிடிக்கும் பந்து.

வின்சன்ற் ஓடினான். முழங்கால் இரண்டும் கதறின. மூச்சு நெஞ்சை இடித்தது. சனம் விசிலடித்தது. இன்னும் நான்கு யார், மூன்று யார்… பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. அவன் கொடிக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எமில் மட்டும் சிரிக்கவில்லை.

வின்சன்ற் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடு வட்டத்துக்கு வந்தான். "பிடிக்கேலாமல் போச்சுதடா" என்றான்.

"அது நீ அண்டைக்கு ஓடின ஓட்டத்துக்கு அடிச்சது" என்றான் எமில். பிறகு குரலைத் தாழ்த்தினான். "செவ்வாய்க்கிழமை பாண் வாங்கிக்கொண்டு வா. விரலை எடுக்க முதல் நேர்த்தியை முடிச்சுப்போட்டுப் போவம்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதே பேக்கரியில், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வின்சன்ற் பதின்மூன்று றாத்தல் வாங்கினான். எமில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, பாண் சாக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கணவனை இழந்தவர்களின் வீடு, தொழில் இல்லாதவனின் வீடு, படுக்கையில் கிடக்கும் கிழவரின் வீடு என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார்கள். வாசல் படலையில் நின்று கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு "அந்தோனியாருக்கு நேர்ந்தது" என்று மட்டும் எமில் சொன்னான். அத்தனை ஒழுங்கையும் சுற்றி வர ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

கடற்கரை வீதியால் வரும்போது பின்னாலிருந்து எமில் கேட்டான். "நான் கொழும்புக்குப் போயிருந்தா, உண்மையிலை என்னை ஓட வச்சிருப்பாங்களோ?"

"வச்சிருப்பாங்கள்."

"ம்." கொஞ்சத் தூரம் போனபிறகு அந்தக் குரல் மறுபடி வந்தது. "அதையும் ஒருக்கால் பாத்திருக்கலாம்."

வின்சன்றுக்கு வீதி தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது. மெதுவாக ஓட்டினான்.

எமிலின் வீட்டுப் படலையில் நிறுத்தியபோது சாக்குக்குள் ஒரு பாண் மிச்சமிருந்தது. பன்னிரண்டு வீடுதான் ஆகியிருந்தது. "இன்னும் ஒண்டு கிடக்கு. எந்த வீட்டுக்குக் குடுப்பம்?" என்று வின்சன்ற் கேட்டான்.

எமில் கைத்தடியை ஊன்றி இறங்கினான். சாக்கிலிருந்து பாணை எடுத்தான். அது இன்னும் ஆறவில்லை. அதை வின்சன்றின் கைகளில் வைத்தான்.

"ஏழை வீட்டுக்குத்தானே குடுக்கச் சொன்னவர். கொண்டு போ."

சொல்லிவிட்டு, வழமைபோல ஓர் அவசரமும் இல்லாமல், நொண்டி நொண்டி உள்ளே நடந்தான். படலையை அவன் சாத்தவில்லை. வின்சன்றை உள்ளே வரச் சொல்லவுமில்லை. அந்தச் சூட்டுப் பாணை நெஞ்சோடு அணைத்தபடி, 'மச்சான்' என்ற ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, வின்சன்ற் வெகுநேரம் வெளியிலேயே நின்றான்.